அரைக்கதவுக்கு இந்தப் பக்கம்

கதவு தட்டும் சத்தம் எல்சியின் காதுக்குள் போய்ச் சேர வெகுநேரம் பிடித்தது.

காலை பத்தே முக்கால் மணி. காலடிப்பேட்டை ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி வீட்டில், மகன் ஜெரியின் அறை வாசலில், வெறுந்தரையில் அவள் கிடந்தாள். அறைக்குள் பாயில் ஜெரி தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் இரண்டு பேருமே தூங்கக் கூடாது. ஜெரியைப் பகலில் தூங்கவிடக் கூடாது என்பதுதான் ராயபுரம் சிறப்புக் குழந்தைகள் மையத்தின் தூக்க ஆலோசகர் ஹெப்சிபா போட்டுக் கொடுத்த திட்டத்தின் முதல் விதி. ஏழு வயது ஜெரிக்கு இருப்பது ஸ்மித்-மஜெனிஸ் சின்ட்ரோம். பதினேழாவது குரோமோசோமில் ஒரு துணுக்கு அவனுக்குப் பிறவியிலேயே இல்லை. நமக்கெல்லாம் இருட்டிய பிறகு உடம்பில் சுரக்கும் தூக்கச் சுரப்பு அவனுக்கு விடிந்த பிறகு சுரக்கிறது. ஊர் எழும்போது அவன் கண் சொருகும். ஊர் அடங்கும்போது எழுந்து உட்காருவான்.

ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அவன் தனியாகப் படியிறங்கி, எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே கைதட்டிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகுதான் அவன் அறைக்கு அரைக்கதவு வந்தது. அப்பா டெரிக் தன் கையாலேயே அடித்து மாட்டினான். நெஞ்சளவு பலகை, மேலே திறப்பு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

"ராத்திரி அழுதா போய் முகத்தக் காட்டுங்க," என்று ஹெப்சிபா சொல்லியிருந்தாள். "'படு'ன்னு ஒரே வார்த்தை. திரும்பிடுங்க. கொஞ்சக் கூடாது, திட்டவும் கூடாது. அவனுக்கு மனுஷங்கன்னா உசுரு. நீங்க திட்டினாக்கூட அவனுக்கு அது விளையாட்டு. ராத்திரில நீங்க சுவாரஸ்யமே இல்லாத ஆளா இருக்கணும் எல்சி."

நாற்பது நாள் ஆகிவிட்டது.

எல்சி எழுந்து, கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை.

"எல்சி நீங்கதானே? என் பேரு இஷ்ரத். குழந்தைகள் உதவி எண்லேர்ந்து வர்றேன். பத்து ஒன்பது எட்டு. உள்ள வரலாமா?"

வரலாம் என்றோ வேண்டாம் என்றோ எல்சி சொல்வதற்குள் இஷ்ரத்தின் கண் வீட்டுக்குள் போய்விட்டது. அந்தக் கண்ணோடு சேர்ந்து எல்சியும் தன் வீட்டை முதல் முறையாகப் பார்த்தாள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. உள்ளே ஒரு சாமான்கூட இல்லாத அறை. ஜன்னலில் வெளிச்சம் வராமல் ஒட்டிய கறுப்புத் தார்ப்பாய். தரையில் நெற்றி வீங்கிய ஒரு பிள்ளை, மணிக்கட்டில் துணிக்கட்டு.

"தாழ்ப்பா வெளிப்பக்கம் இருக்கு," என்றாள் இஷ்ரத். அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

"பாதுகாப்புக்கு மேடம். கேஸத் தொறந்து உட்டுடுவான். ரோட்டுக்குப் பூடுவான். சென்டர்ல சொல்லித்தான் போட்டோம்."

"நெத்தில?"

"அவனே முட்டிக்கிறது. கையும் அவனே கடிச்சிக்கிறதுதான். அந்த வியாதி அப்டி மேடம். நாங்க ஒரு அடி அடிச்சதில்ல. மாதா சத்தியமா."

இஷ்ரத் குறித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "ஒரு புகார் வந்திருக்குமா. இந்த வீட்ல ஒரு பையன ராத்திரில பூட்டி வெக்கிறாங்க, விடிய விடிய கத்துறான்னு."

எல்சி சுவரிலிருந்த அட்டவணையைப் பிய்க்காத குறையாக எடுத்து வந்தாள். நாற்பது இரவு, நாற்பது வரிசை. தூங்கிய நேரம் நீல மை, விழித்த நேரம் வெள்ளைக் கட்டம். முதல் எட்டு வரிசை பொத்தல் பொத்தலாக இருந்தது. ஒன்பதிலிருந்து நீலம் கடல் மாதிரி நிறைந்திருந்தது.

"பாருங்க மேடம். இதுக்குத்தான் அந்தக் கதவு. வேணும்னா ஹெப்சிபா மேடத்தாண்ட பேசுங்க," என்று அவளே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

ஹெப்சிபா விஷயத்தைக் கேட்டதும் படபடத்தாள். "அந்தக் கதவு நான் சொன்னதுதாங்க. எழுதியே கொடுத்திருக்கேன். அடைச்சு வெக்கிறதுக்கில்ல, அவன் உயிருக்கு. எல்சியோட சார்ட் இருக்குல்ல கையில? எங்க சென்டர்லயே இவ்ளோ நல்லா வந்த சார்ட் கிடையாது. ஒரு மாசமா ஒன்பது மணிக்குப் படுத்து நாலரை வரைக்கும் தூங்குறான். அத வெச்சுத்தான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டாக்டர் மருந்தயே பாதியாக் குறைச்சாரு."

எல்சி தரையைப் பார்த்தாள்.

இஷ்ரத் அட்டவணையில் விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள். "பன்னெண்டாம் தேதி முழுசா நீலம். புகாரோட ஒரு பதிவு வந்திருக்கு. பன்னெண்டாம் தேதி ராத்திரி ஒண்ணு பத்துக்கு எடுத்தது. கேளுங்க."

ஜெரியின் குரல் வீட்டை நிறைத்தது. அந்த சின்ட்ரோம் பிள்ளைகளுக்கே உள்ள கரகரப்பு. காசிமேட்டு மீன் ஏலக்காரரின் குரலை ஏழு வயது உடம்பில் வைத்த மாதிரி இருக்கும். "ம்மா வா! ம்மா வா!" பலகையை உதைக்கும் சத்தம். மறுபடி, "ம்மா வா!"

அது தூரத்தில் கேட்டது.

பக்கத்தில், ஃபோனுக்கு வெகு பக்கத்தில், இன்னொரு அழுகை இருந்தது. வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அழும் அழுகை. நடுநடுவே மூக்கை உறிஞ்சியது.

அந்த உறிஞ்சல் எல்சிக்குத் தெரியும். பதினைந்து வருடமாகத் தெரியும். பனிக்காலம் வெயில்காலம் என்றில்லாமல் அடைத்துக்கொள்ளும் மூக்கு. பத்தாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் ஜூடியின் மூக்கு.

இஷ்ரத் பதிவை நிறுத்தினாள். "யார் புகார் கொடுத்தாங்கன்னு நான் சொல்லக் கூடாதும்மா," என்றாள். சொல்ல வேண்டிய தேவையே இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஸ்பீக்கரில் ஹெப்சிபா இன்னும் இருந்தாள். "எல்சி? பன்னெண்டாம் தேதி அவன் முழுக்கத் தூங்கினான்னுதானே எழுதியிருந்தீங்க?"

"பொய் மேடம்."

"என்னது?"

"பொய்யா எழுதினேன்."

"எத்தன நாள்?"

"பத்தாவது நாள்லேர்ந்து."

நீலமாக நிறைந்த வரிசைகளில் ஒன்பதாவது இரவு மட்டும் உண்மை. அன்று ஜெரி நாலு மணி வரை ஒரேயடியாகத் தூங்கினான். மறுநாள் ராயபுரத்தில் ஹெப்சிபா எல்சியைக் கட்டிக்கொண்டாள். மற்ற தாய்மாரிடம் அட்டவணையைக் காட்டி, "பாருங்க, இவங்க செஞ்சிட்டாங்க" என்றாள். ஏழு வருடத்தில் எல்சியைப் பார்த்து நல்லாச் செய்கிறாய் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

பத்தாவது இரவு பதினோரு மணிக்கே அவன் எழுந்துவிட்டான். இரண்டு முறை முகத்தைக் காட்டி "படு" என்றாள். மூன்றாவது முறை கதவைத் திறந்து உள்ளே போய், அவனைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் நீல மையைக் கையில் எடுத்தாள். ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். அடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தாள்.

"அந்த சார்ட்ட நம்பித்தான் மருந்தக் குறைச்சாங்க எல்சி." ஹெப்சிபாவின் குரல் இறங்கியிருந்தது. "அதுக்கப்புறம்தான் அவன் கையக் கடிக்க ஆரம்பிச்சான். ஏன் ஏன்னு நான் ரெண்டு வாரமா மண்டைய உடைச்சிக்கிட்டு இருக்கேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஹெப்சிபா வேறெதுவும் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டாள்.

இஷ்ரத் சமையலறைப் பக்கம் போனாள். கேஸ் சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவில் ஒரு பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு கணக்குப் புத்தகம்.

"உங்க பொண்ணு இங்கதான் படுக்கிறாளா?"

"ம். கூடத்துல சத்தம் ஜாஸ்தின்னு."

"எப்பலேர்ந்து?"

எல்சி யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்குறா?"

நாற்பது இரவில் ஜெரி எந்த நிமிடம் கண்ணை மூடினான், எந்த நிமிடம் திறந்தான் என்று எல்சியால் சொல்ல முடியும். அட்டவணையில் எழுதியதும் தெரியும், எழுதாமல் மறைத்ததும் தெரியும். ஜூடி நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாள்? படுத்தாளா? வாயைத் திறந்தாள், ஒரு எண்ணும் வரவில்லை. இஷ்ரத் ஒரு தாளை நீட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. குழந்தைகள் நலக் குழு முன்னாடி வரணும். நீங்க, உங்க வீட்டுக்காரர், ரெண்டு பசங்க."

"ஜெரிய மட்டும்தானே மேடம் கேப்பாங்க?"

"ரெண்டு பேரையும்தாம்மா." இஷ்ரத் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அதுவரைக்கும் இந்த வீட்ல யாரும் யாரையும் மிரட்டக் கூடாது. நான் எழுதி வெச்சிருக்கேன்."

டெரிக் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை.

எண்ணூர் துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை மணலி யார்டில் அடுக்கும் கிரேனை ஓட்டுவது அவன் வேலை. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வர வேண்டியவன். மாற்றாள் வராததால் பதினெட்டு மணி நேரம் அந்தக் கூண்டிலேயே இருந்துவிட்டு வந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். தாளைப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"எவன் போட்டுக் குடுத்தது?"

"சொல்லலிங்க."

"சொல்லணுமா இன்னா? செவுத்துக்கு அந்தாண்ட ஒரே வூடுதானே கீது."

"வாணாம், ஜூடி டாடி."

"இன்னா வாணாம்? எம்புள்ளைய நாய் மாரி கட்டி வெச்சிருக்கேன்னு கெவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்துகிறாங்க. கம்முனு குந்திகினு இருக்கச் சொல்றியா?"

சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. ஆனால் ஜூடி வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. இவ்வளவு கோபத்தோடு இவன் அந்தப் பெண் முன்னால் நிற்பதை எல்சியால் நினைக்க முடியவில்லை. போய்க் கத்திவிட்டு வரட்டும், பக்கத்து வீட்டு ரமாபாய் அக்கா தாங்குவாள், எல்லாவற்றையும் தாங்கியவள் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. அப்படிக் கணக்குப் போட்டது தன் மனம்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ரமாபாய் அரசு மருத்துவமனையில் வார்டு ஆயா. வியாசர்பாடியிலிருந்து எட்டு வருடத்துக்கு முன் இந்த பிளாக்குக்கு வந்தவள். காலை டூட்டி முடித்து வந்ததும் தினமும் நாலு மணிக்கு ஜெரியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், வெயிலில் ஓடவிட்டு, தூங்காமல் பார்த்துக்கொள்வாள். அந்த அரை மணி நேரம்தான் எல்சிக்கு ஒரு நாளில் சொந்தமான நேரம்.

அன்றும் அதற்காகத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே ரமாபாய் கதவைத் திறந்தாள். எதிரே டெரிக் நின்றான்.

"யக்கா, மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. ஆபீசர வூட்டாண்ட அனுப்பி எம்புள்ளைய புடிச்சுக் குடுக்கணுமா?"

"இன்னா தம்பி சொல்றே? எந்த ஆபீசரு?"

"நடிக்காதக்கா. ரெக்கார்டெல்லாம் பண்ணி அனுப்பிகீறே. அவன் கத்துறது உன் செவுத்துலதான் மோதுது. எனக்குத் தெரியாதா?"

"மோதுது." ரமாபாய் துண்டைத் தோளில் போட்டாள். "அது பொறந்த நாள்லேர்ந்து மோதுது. எம்மா நாளு கண்ணு மூடாம டூட்டிக்குப் போயிருப்பேன், ஒரு நாளு உங்கிட்ட மூஞ்சி சுளிச்சிருப்பனா? போன் போடணும்னா ஏழு வருசம் காத்துகினு கெடப்பனா தம்பி?"

மேல் மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கீழே யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

டெரிக்கின் தோளுக்கு மேலாக ரமாபாய் எல்சியைப் பார்த்தாள். "எல்சி, நீ சொல்லு. நானா செஞ்சேன்?"

எல்சி வாயைத் திறக்கவில்லை.

"சொல்லேம்மா."



"டாடி."

படி திருப்பத்தில் ஜூடி நின்றிருந்தாள். முதுகில் பள்ளிப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "ஆன்ட்டி இல்ல டாடி. நான்தான்."

"இன்னா நீதான்?"

"ஃபோன் போட்டது."

டெரிக்கின் கை மேலே போனது. ரமாபாய் நடுவில் வந்து நின்றாள். அவள் வராவிட்டாலும் அந்தக் கை இறங்கியிருக்கும். தூக்கிப் பிடித்திருக்க அவனிடம் தெம்பு இல்லை.

"உன் தம்பிடி அவன்." அவன் குரல் உடைந்தது. "அவன எங்கனா இஸ்துகினு பூட்டாங்கன்னா? இன்னாடி பண்ணிகீறே நீ?"

"தம்பிக்காகப் பண்ணல டாடி. எனக்காகப் பண்ணேன்." ஜூடி கைப்பிடிச் சுவரைப் பார்த்தே பேசினாள். "புக்கு பின்னாடி அந்த நம்பர் போட்டிருக்கு. பசங்களுக்கான நம்பர்னு போட்டிருக்கு. நானும் பசங்கதானே?"

நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் ஹாரன் நீளமாக அலறி ஓய்ந்தது.

"போன வாரம் சயின்ஸ் டெஸ்ட்ல பேப்பர் மேலயே தூங்கிட்டேன். மிஸ் எழுப்பறதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. ரெண்டு மார்க் கேள்விகூட முடிக்கல. வந்து அம்மாகிட்ட சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "'உஷ், தம்பி இப்பத்தான் கண்ண மூடினான்'னு சொன்னாங்க."

எல்சிக்கு அது நினைவிருந்தது. உதட்டில் விரல் வைத்தது நினைவிருந்தது. ஜூடி என்ன சொல்ல வந்தாள் என்பதுதான் நினைவில்லை, ஏனென்றால் அவள் அதைக் கேட்கவேயில்லை.

ரமாபாய் மெல்லத் திரும்பி எல்சியைப் பார்த்தாள். அந்த முகத்தில் இப்போது கோபம் இல்லை. கோபத்தைவிட மோசமான ஒன்று இருந்தது.

"உனக்குத் தெரியும்."

"அக்கா..."

"தெரிஞ்சிகினே நின்னுகினு இருந்தே."

"அக்கா, நான் பயந்துகினுதான்..."

"வாணாம் எல்சி." ரமாபாய் ஜூடியின் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "நீ உள்ள வா கண்ணு. ஃபேனுக்குக் கீழ பாய் போட்டுத் தரேன்."

இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

சத்தத்தில் ஜெரி எழுந்துவிட்டிருந்தான். பகலில் தாழ்ப்பாள் போடுவதில்லை என்பதால் பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். வராந்தாவில், மாடிப்படியில் இத்தனை மனிதர்கள். அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சந்தோஷம் வந்தால் அவன் தன்னைத்தானே இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு உடம்பு நடுங்க நிற்பான். அப்படி நின்றான். பிறகு, ஜூடியின் குரல் உள்ளே கேட்க, ரமாபாயின் கதவைப் பார்த்தான்.

"அக்கா! அக்கா வா! அக்கா வா!" என்று இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கதவைத் தட்டினான்.

எல்சி அவனைத் தூக்கிக்கொண்டாள். அவன் அவள் கன்னத்தைத் தன் இரண்டு கையிலும் ஏந்தி, முகத்தோடு முகம் வைத்துச் சிரித்தான். டெரிக் படியில் உட்கார்ந்து அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"செவ்வாக்கெழமை நீ இன்னா சொல்லப் போறே?" என்று கேட்டான், அவளைப் பார்க்காமல். "சார்ட்டு இருக்குதுல்ல, அதக் காட்டிடலாம்ல?"

அவனுக்கு இன்னும் தெரியாது. எல்சி சொன்னாள், எல்லாவற்றையும். நீல மை, பத்தாவது நாள், மருந்து பாதியானது. சொல்லி முடித்தபோது அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் எழுந்து உள்ளே போய், சட்டையைக்கூடக் கழற்றாமல், ஜெரியின் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான்.

அந்தச் சாயங்காலம் எப்படிப் போனது என்று கேட்டால் எல்சிக்குச் சொல்லத் தெரியாது. ஜெரியைக் குளிப்பாட்டினாள். இட்லி ஊட்டினாள். பழைய நோட்டு ஒன்றை அவன் மடியில் வைத்தாள்; விரலை நக்கி நக்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். நோட்டு முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான். ஜூடியின் பங்கு இட்லி மூடியபடி இருந்தது.

ஏழரை மணிக்கு ரமாபாய் வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"தூங்குது. அஞ்சு மணிக்கு விழுந்தது, பொரளவே இல்ல. சாப்புட எழுப்பலாம்னு போனேன், மனசு வரல."

"நான் வந்து கூட்டிகினு வரேங்க்கா."

"வர மாட்டா." ரமாபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "படுக்கறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிச்சு. உங்கிட்ட சொல்லச் சொல்லல. ஆனா நீ தெரிஞ்சிக்கணும். அந்தக் கமிட்டில போய்ச் சொல்லப் போறாளாம். இந்த வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்க முடியாது, ஒண்ணு ஹாஸ்டலுக்குப் போவணும்னு."

"ஜெரியையா?" என்றாள் எல்சி.

"ஜெரிய யாரு வெச்சுப்பா? அதுவும் அவளே சொல்றா. 'தம்பிய எங்கயும் பாத்துக்க மாட்டாங்க ஆன்ட்டி, அம்மாதான் வேணும். அதனால என்னைய எடுத்துக்கோங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்'றா. நாலு நாளாச்சாம், அந்த ஆபீசரம்மா ஸ்கூலாண்ட போய் எழுதி வாங்கிகினு போய். கையெழுத்தெல்லாம் போட்டுட்டா."

எல்சி, "அழுதாளாக்கா?" என்று கேட்டாள்.

ரமாபாய் தலையசைத்தாள்.

"இல்ல. சொல்லச்சொல்ல கண்ணுல ஒரு சொட்டு வரல. அதான் எனக்கு பயமா கீது."

அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எல்சி பின்னாலேயே போனாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது, வேறு ஒன்றும் கேட்கவில்லை. பத்தடி பின்னால், தன் வீட்டுக்குள், ஜெரி முழுசாக விழித்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

தூக்கிய கையை அவள் இறக்கிக்கொண்டாள். ஜூடி தூங்கிக்கொண்டிருந்தாள்.